வாசகர் கேள்வி – பதில்: தாகித்தியின் பூக்கள் எந்த ஊர்ப் பூக்கள்?

தென் பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பொலினீசியாவின் தலைமைத் தீவான தாகித்தியின் பூக்களைப் படங்களோடு சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த செடிகொடிகளைப் பற்றியே இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: படங்களில் காகிதப்பூ, ஈழத்தலரி, இட்லிப்பூ, குல்மோகர், குரோட்டன்ஸ் என்று எங்கள் தெருவிலேயே இருப்பவைதாம் மிகுதியாக இருந்தன. உலகின் மறுபக்கத்தில் உள்ள தீவில் நம் ஊர்ப் பூக்கள் எப்படி வந்தன? அல்லது அவர்கள் பூக்கள்தாம் இங்கே வந்தனவா?
– வாசகி, மதுரை

பதில்: இவற்றுள் பெரும்பாலானவை நம் ஊர்ப் பூக்களும் அல்ல, தாகித்தியின் பூக்களும் அல்ல. காகிதப்பூவின் தாயகம் பிரேசில். கோயில் நந்தவனங்களில் நாம் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் ஈழத்தலரி, மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்தது. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்தும், தாகித்தியின் சாலையோரங்களிலும் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்தும், குரோட்டன்ஸ் இந்தோனேசியா, மெலனீசியா பகுதிகளிலிருந்தும் புறப்பட்டவை. நீங்கள் சொன்ன பட்டியலில் உண்மையாகவே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது இட்லிப்பூ ஒன்றுதான். சங்கப் பாடல்களில் ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடிய வெட்சிதான் அது என்பதை அறிந்தவர்கள், தாகித்தியின் விடுதி வாசல்களில் அது வேலியாகக் கத்தரித்து நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது சற்று நின்றுதான் போவார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் கப்பல்களும், அவற்றைத் தொடர்ந்து உருவான தாவரவியல் தோட்டங்களும், வெப்பமண்டலத்தின் அழகிய செடிகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தன. அதனால்தான் சென்னையின் ஒரு பூங்காவும் தாகித்தியின் தலைநகரான பப்பீத்தேயின் ஒரு பூங்காவும் இன்று ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

காகிதப்பூவுக்குத் தாகித்தியோடு வேறொரு தொடர்பு உண்டு. உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் பூகன்வில்லின் கப்பல்கள் 1767இல் ரியோ டி ஜனேரோவில் தங்கியபோது, கமெர்சோன் என்ற தாவரவியலாளர் இந்தச் செடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். அவருக்கு உதவியாளராக ஆண் உடையில் கப்பலேறியிருந்த ஜான் பாரே என்ற பெண்தான், நோயுற்றிருந்த அவருக்காகக் கரையில் இறங்கி அதைப் பறித்திருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். அந்தக் கப்பல்கள் 1768 ஏப்ரலில் தாகித்தியை அடைந்தபோது, அவர் பெண் என்பதைத் தீவு மக்கள் உடனே கண்டுகொண்டார்கள். உலகை வலம்வந்த முதல் பெண்மணியாக இன்று அவர் போற்றப்படுகிறார். அவர் கரையிறங்கிய நாளில் தாகித்தியில் காகிதப்பூ கிடையாது.

தோட்டப் பூக்களில் மற்றொன்றையும் கவனியுங்கள். காகிதப்பூவோ இட்லிப்பூவோ ஈழத்தலரியோ அங்கே காய் பிடித்து விதை பரப்புவது அரிது. பெரும்பாலும் மனிதர் பதியன் போட்டும் போத்து நட்டும்தான் அவற்றைப் பெருக்குகிறார்கள். பின்வரும் பதில்களில் பல இந்தக் காய் பிடிக்கும் செய்தியைச் சார்ந்தே அமையும்.

கேள்வி: தாகித்தியில் ஈரப்பலா நிறைய உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அது அத்தீவின் சொந்த மரமா? எங்கள் வீட்டு ஈரப்பலாவும் அங்கிருந்து வந்ததா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஈரப்பலா, தமிழ்நாட்டில் பலர் சீமைப்பலா என்று சொல்லும் மரம், தாகித்திக்கும் கொண்டுவரப்பட்டதே, ஆனால் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். நியூகினியை ஒட்டிய மேற்குத் தீவுகளில் காட்டு மரமாக இருந்ததைத் தேர்ந்து வளர்த்து, கிழக்கு நோக்கித் தீவு தீவாக இரட்டைத் தோணிகளில் ஏற்றிவந்தவர்கள் பொலினீசியரின் முன்னோர்கள். வழியெங்கும் நல்ல சதைப்பற்றுள்ள மரங்களையே அவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனதால், தாகித்தியை அடைந்தபோது பெரும்பாலான வகைகளில் விதையே இல்லாமற் போயிற்று. வேரிலிருந்து கிளம்பும் கன்றை மண்ணோடு பெயர்த்து, உப்புத் தண்ணீர் படாமல், நாட்கணக்கில் நீளும் கடற்பயணத்தில் உயிரோடு காத்துக் கொண்டுவந்து நட்டால்தான் அந்த மரம் உண்டு. அந்த உழைப்பை நினைக்கும்போது, தாகித்தியில் நிற்கும் ஒவ்வொரு பழைய ஈரப்பலா மரமும் எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்குகிறது.

அதே தோணிகளில் சேம்பு, வாழை, கரும்பு, மஞ்சள், வள்ளிக்கிழங்கு, நுணா, எண்ணெய்க்கொட்டை தரும் மெழுகுக்கொட்டை மரம் ஆகியவையும் வந்தன. சர்க்கரைவள்ளி மட்டும் எதிர்த்திசையில், தென் அமெரிக்காவிலிருந்து, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பொலினீசியாவை எட்டிவிட்டது. கடலோரத்தில் உள்ள புன்னை, பூவரசு, நீர்ப்பருத்தி போன்றவை மிதக்கும் காய்களால் தாமே கடல் கடக்கக்கூடியவை. புன்னையும் பூவரசும் அங்கே பழைய வழிபாட்டு மேடைகளைச் சுற்றி வளர்க்கப்பட்ட புனித மரங்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வார்கள்.

ஐரோப்பியக் காலத்தில் போக்குவரத்து இரு திசையிலும் நடந்தது. 1769இல் ஆங்கிலேயக் கடற்பயணி குக்கின் கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், ரியோவில் வாங்கிய ஆரஞ்சு, எலுமிச்சை, தர்ப்பூசணி விதைகளைத் தாகித்தியின் மத்தவாய் விரிகுடாவின் கரையில் ஊன்றினார். அங்கிருந்து ஈரப்பலாவை மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களுக்கு மலிவான உணவாகக் கொண்டுசெல்லும் திட்டத்தோடு, 1788 அக்டோபரில் பிளை என்ற தலைவரின் பவுன்டி கப்பல் வந்தது. ஐந்து மாதங்களுக்கு மேல் தங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட சில வாரங்களில், 1789 ஏப்ரல் 28 அன்று மாலுமிகள் கலகம் செய்து தலைவரைப் படகில் இறக்கிவிட்டுக் கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள். பிளை விடவில்லை; இரண்டாம் முறை வேறு கப்பலில் வந்து, 1793இல் கன்றுகளை செயின்ட் வின்சென்டுக்கும் ஜமைக்காவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். உங்கள் வீட்டு மரத்தின் மூதாதை பசிபிக் தீவுகளைச் சேர்ந்ததே என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்.

கேள்வி: தாகித்திப் பெண்கள் காதில் செருகும் வெள்ளைப் பூவாவது அந்த ஊருடையதுதானே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: தியாரே என்னும் அந்த நறுமணப் பூ, பிரெஞ்சு பொலினீசியாவின் அடையாளப் பூ. இடக்காதில் செருகினால் துணை உள்ளவர், வலக்காதில் செருகினால் துணை இல்லாதவர் என்பது அங்கே வழக்கு. பூவைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துச் செய்யும் மோனோயி எண்ணெய் இல்லாத வீடு அரிது. ஆயினும் அதன் தாயகம் மேற்கே மெலனீசியத் தீவுகள் என்றும், ஈரப்பலாவைப் போலவே முன்னோர் கொண்டுவந்து நட்டது என்றுமே தாவரவியலார் பெரும்பாலும் கருதுகின்றனர். அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது.

வேறெங்குமே இல்லாத பூவைக் காண வேண்டுமென்றால் ராயாத்தேயா தீவைக் கேட்க வேண்டும். அங்கே தெமெஹானி மேட்டுநிலத்தில் மட்டும் வளரும் தியாரே அப்பெத்தாஹி, ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாக விரிந்து, பாதியாய்க் கிள்ளப்பட்ட பூப்போலத் தோன்றும். எலிகள் தண்டைக் கடிப்பதாலும் மனிதர் பறிப்பதாலும் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைப் பறிப்பது சட்டப்படி குற்றம்.

கேள்வி: தாகித்தி வனிலா உலகப் புகழ் பெற்றது என்கிறார்கள். வனிலா மெக்சிகோவுடையது என்று படித்தேன். எது சரி?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இரண்டும் சரி. 1848இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் ஹாமலின், மணிலாவிலிருந்து வனிலாக் கொடியைத் தாகித்திக்குக் கொண்டுவந்தார். இன்று தாகித்தி வனிலா என்று வழங்குவது, மத்திய அமெரிக்காவின் இரண்டு வனிலா இனங்கள் கலந்து உருவான கலப்பினம் என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மற்ற வனிலாக் காய்கள் முற்றியதும் வெடித்துவிடும், இது வெடிப்பதில்லை. அதனால் கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டுப் பறிக்க முடிகிறது, மணமும் தனித்து நிற்கிறது. இதன் விளைச்சலில் பெரும்பகுதி தாஹா தீவிலிருந்து வருகிறது.

பொள்ளாச்சியில் வனிலா வைத்துப் பார்த்த விவசாயிகளுக்கு இதன் வேலை தெரிந்திருக்கும். பூ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். தாயகத்தில் அதை மகரந்தச் சேர்க்கை செய்யும் தேனீக்கள் தாகித்தியில் இல்லை. ஆகவே ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டு, மெல்லிய குச்சியால் மகரந்தத்தை எடுத்து ஒட்டவேண்டும். காய் முற்ற ஏறத்தாழ ஒன்பது மாதம். மனிதக் கை விலகினால் காயே இல்லை என்பதால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் வனிலாவால் தாகித்திக் காட்டுக்குத் தீங்கு நேரவில்லை.

கேள்வி: மிக்கோனியா என்ற மரம் தாகித்திக் காடுகளை விழுங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். பூச்செடிக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது? அதைக் கொண்டுவந்தவர் யார்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தீவுகளின் இயற்கையைப் பற்றிக் கவலைப்படும் எவரும் இந்தக் கதையை முழுமையாக அறிந்திருக்க வேண்டும்.

ஹாரிசன் ஸ்மித் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். 1919இல் தாகித்தியில் குடியேறி, தீவின் தென்கரையில் பப்பேயாரி என்னும் ஊரில் நிலம் வாங்கி, உலகின் வெப்பமண்டலங்களிலிருந்தெல்லாம் பழமரங்களையும் பூமரங்களையும் வரவழைத்துப் பெருந்தோட்டம் ஒன்றை உருவாக்கினார். இன்று தாகித்தி மக்கள் விரும்பி உண்ணும் இனிப்பான பம்பளிமாஸ், அவர் போர்னியோவிலிருந்து வரவழைத்ததன் வழிவந்தது. ஊராருக்குக் கன்றுகளைத் தாராளமாகக் கொடுத்தவர். தன்னலத்துக்காக எதையும் செய்தவர் அல்லர். அந்த நல்ல மனிதர்தான் 1937இல், இலையின் அழகைக் கருதி மிக்கோனியாவையும் அத்தோட்டத்தில் நட்டார். 1947இல் அவர் மறைந்தபோது, அதனால் நேரப்போவதை அறிந்தவர் எவரும் இல்லை.

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்த இந்த மரத்தின் இலை ஒரு மீட்டர் நீளம்வரை வளரும். மேற்புறம் கரும்பச்சை, மூன்று வெளிர்நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை வளைந்து ஓடும். அடிப்புறம் கத்தரிப்பூ நிறம். காற்றில் இலை புரளும்போது மலைச்சரிவு முழுவதும் நிறம் மாறுவதைப் பார்த்தால், ஒருவர் ஏன் இதைத் தோட்டத்துக்கு விரும்பினார் என்பது புரிந்துவிடும். நம் இலக்கியம் பாடும் காயாவும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதன் வலிமைக்குக் காரணங்கள் பல ஒன்றுசேர்ந்தவை. நட்ட நான்கைந்து ஆண்டுகளில் பூக்கிறது. ஒரு மரமே தன் பூவைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். ஆகவே ஒரே ஒரு விதை போதும், ஒரு காட்டைத் தொடங்கிவிடும். முற்றிய மரம் ஆண்டுக்குப் பல முறை காய்த்து, பல இலட்சம் விதைகளை உதிர்க்கிறது. இனிப்பான சிறு கனிகளுக்குள் இருக்கும் விதைகள் மணல்துகளைவிடப் பெரியவை அல்ல. பறவைகள் உண்டு தொலைவில் எச்சமிடும், மண்ணோடு காலணியிலும் வாகனச் சக்கரத்திலும் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் விழுந்தவை பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் முளைப்பதற்குக் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆழ்ந்த நிழலிலும் இது முளைத்து வளரும். பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில் அகன்ற இலைகள் கூரையாக மூடியதும், கீழே வெளிச்சம் ஏறத்தாழ இல்லாமற் போய், வேறு எந்த நாற்றும் எழுவதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இது பெரிதாக எவர் கண்ணையும் உறுத்தவில்லை. 1971இல் தாகித்திக்கு வந்த அமெரிக்கத் தாவரவியலாளர் ரேமண்ட் ஃபாஸ்பர்க், இந்த மரம் ஹவாயியை அடைந்தால் அங்குள்ள இயற்கைக் காட்டை உண்மையிலேயே அழிக்கக்கூடியது என்று எச்சரித்தார். ஆனால் 1961லேயே அது அழகுச்செடியாக ஹவாயிக்குச் சென்றிருந்தது. 1982–83இல் அடுத்தடுத்து வீசிய புயல்கள் தாகித்தியின் மலைக்காடுகளை முறித்துத் திறந்துவிட, காத்திருந்த நாற்றுகள் எழுந்தன. இன்று தீவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல், கடற்கரைக்கு அருகிலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம்வரை, மிக்கோனியா பரவியிருக்கிறது. தாகித்திக்கு மட்டுமே உரிய நூற்றுச் சொச்சம் தாவர இனங்களில் நாற்பது முதல் ஐம்பது வரை இதனால் நேரடியாக அச்சுறுத்தப்படுகின்றன என்பது, இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ழான்-ஈவ் மெயரின் கணிப்பு. அவற்றுள் பல, பெரிய மரங்களின் நிழலில் வாழும் எளிய புதர்ச்செடிகள். பெயர் சொல்லி அழுவதற்குக்கூட ஆளில்லாதவை. மரத்தின் வேர்கள் ஆழமற்றவை என்பதால், செங்குத்தான சரிவுகளில் மண்சரிவும் மிகுகிறது.

1990இல் பிரெஞ்சு பொலினீசிய அரசு இதைத் தீங்குச்செடியாக அறிவித்தது. ராயாத்தேயாவில் 1990களில் பள்ளிப்பிள்ளைகளும் தன்னார்வலர்களும் படைவீரர்களும் ஆண்டுதோறும் மலையேறி நாற்றுகளைக் கையால் பிடுங்கினார்கள். பிந்தியே வந்த தீவில் கைகளால் எதிர்த்து நிற்க முடிந்தது. தாகித்தியிலோ அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இலங்கையின் கண்டிப் பகுதி மலைகளிலும் மிக்கோனியா காட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்பதை அங்குள்ள வாசகர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கேள்வி: பறவைகள் விதையைப் பரப்புகின்றன என்கிறீர்களே, எந்தப் பறவைகள்? நம் ஊர்ப் பறவைகள் அங்கே உண்டா?
– பறவை ஆர்வலர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுத் தோட்டங்களில் கொண்டைக்குருவி என்றும் சின்னான் என்றும் அழைக்கப்படும் பறவை, 1970களின் இறுதியில் தாகித்தியை அடைந்து தீவெங்கும் பெருகியது. அதற்கு முன் 1930களில் கொண்டுவரப்பட்ட, நம் வெள்ளைக்கண்ணியின் உறவான பறவை ஒன்றும் அங்கே உண்டு. மிக்கோனியாவின் கனிகளைத் தின்று மலைகளுக்கு மேல் விதைகளை ஏற்றியவை முதன்மையாக இவ்விரண்டுமே. மைனாவோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த உலகின் மிகத் தீங்கான 100 அயல் இனங்களின் பட்டியலில், மிக்கோனியா, உண்ணிச்செடி, ஆப்பிரிக்க டியூலிப் மரம் ஆகியவற்றோடு மைனாவும் கொண்டைக்குருவியும் இடம்பெற்றிருக்கின்றன.

தாகித்தியில் மட்டுமே வாழும் ஈப்பிடிப்பான் ஒன்று, 1998இல் பத்துப் பன்னிரண்டு முதிர்ந்த பறவைகளாகக் குறைந்திருந்தது. எலிகள் அதன் கூட்டைச் சூறையாட, மைனாவும் கொண்டைக்குருவியும் அதைத் துரத்தித் துன்புறுத்தின. மானு என்னும் பொலினீசியப் பறவையியல் சங்கத்தினர், பள்ளத்தாக்குகளில் எலிப்பொறி வைத்தும் இவ்விரு பறவைகளைப் பிடித்து அகற்றியும் அதைச் சிறிது சிறிதாக மீட்டுவருகிறார்கள். நம் முருங்கைக் கிளையில் அமர்ந்து இனிமையாகக் கூவும் கொண்டைக்குருவியிடம் குற்றம் ஒன்றும் இல்லை. அதைத் தடுத்து நிறுத்தும் எதிரிகளும் போட்டியாளர்களும் இல்லாத தீவில் அதைக் கொண்டுபோய் விட்ட மனிதரிடமே குற்றம் இருக்கிறது.

கேள்வி: மிக்கோனியாவை ஒழிக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பூஞ்சையைக் கொண்டுவந்து விட்டார்களாமே. அயல் செடியை ஒழிக்க இன்னோர் அயல் உயிரா? இது செய்த தவற்றையே திரும்பச் செய்வது ஆகாதா?
– ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: உங்கள் அச்சத்துக்குத் தாகித்தியிலேயே கசப்பான சான்று இருக்கிறது. 1967இல் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கப் பெருநத்தை பயிர்களைத் தின்று பெருகியபோது, அதைக் கொல்வதற்காக 1974இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஊனுண்ணி நத்தை ஒன்றைத் தாகித்தியில் விட்டார்கள். 1977இல் பக்கத்துத் தீவான மூரேயாவிலும் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளுக்கே உரிய பார்ட்டுலா என்னும் சிறு மர நத்தைகளைத் தேடித் தின்றது. சில ஆண்டுகளில் பார்ட்டுலா இனங்களில் பெரும்பாலானவை காட்டிலிருந்தே மறைந்தன. விலங்குக்காட்சிச் சாலைகளில் காப்பாற்றி வளர்த்த சில இனங்களை 2015 முதல் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பூஞ்சையின் கதை வேறு. அந்த ஊனுண்ணி நத்தை பல வகை நத்தைகளையும் தின்னும் வேட்டை உயிர். அதை விடுமுன் போதிய சோதனை இல்லை. பிரேசிலில் மிக்கோனியாவையே பற்றி வாழ்ந்த பூஞ்சையையோ, வேறு செடிகளைத் தாக்குகிறதா என்று ஆய்வகத்தில் சோதித்த பின்னரே 1997இல் ஹவாயியிலும் 2000இல் தாகித்தியிலும் விட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் அது தாகித்தியின் மிக்கோனியாக் காடுகள் அனைத்திலும் பரவி, மூரேயாவையும் எட்டியது. முற்றிய மரங்களை அது கொல்வதில்லை. நாற்றுகள் பல மடிகின்றன, பெரிய இலைகளில் புள்ளி விழுந்து துளைகள் உண்டாகின்றன. குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த மேல்மலையில் இந்தச் சேதம் கூடுதல். துளைகளின் வழியே தரையை எட்டிய சிறிதளவு வெளிச்சத்தில், அடக்கப்பட்டுக் கிடந்த உள்ளூர்ச் செடிகளின் நாற்றுகள் மீண்டும் எழுந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது முழு வெற்றி ஆகாது. ஆயினும் ஓர் இனம் அற்றுப்போவதற்கும் தப்பிப் பிழைப்பதற்கும் இடையே அந்தச் சிறிய வெளிச்சம் போதுமானதாக இருக்கலாம். அயல் உயிர் என்பதால் மட்டும் இதை எதிர்ப்பது சரியாகாது என்பதே என் கருத்து.

கேள்வி: அயல் செடிகள் என்றாலே பகை என்று எழுதுவது எனக்கு உடன்பாடு இல்லை. மிளகாயும் கொய்யாவும் அயலவைதாமே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

பதில்: எனக்கும் உடன்பாடு இல்லை. பிரெஞ்சு பொலினீசியாவில் இயற்கையாக உள்ள பூக்கும் தாவரங்களும் பெரணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 900 இனங்கள். அவற்றில் பாதிக்குமேல் வேறெங்கும் இல்லாதவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின் கொண்டுவரப்பட்டவை ஏறத்தாழ 1,700. அவற்றுள் தோட்டத்தைத் தாண்டித் தாமே பெருகத் தொடங்கியவை ஏறத்தாழ 600. இயற்கைக்கு அச்சுறுத்தல் என்று அரசு சட்டப்படி அறிவித்தவை முப்பதுக்குச் சற்று மேல்தான். அதாவது ஐம்பதில் ஒன்று. பகைக்க வேண்டியதில்லை; ஆனால் அந்த ஒன்றைப் பிரித்தறியத்தான் வேண்டும்.

பிரித்தறியப் பூ உதவாது; காய்தான் உதவும். விதையற்ற ஈரப்பலா, கைபடாமல் காய்க்காத வனிலா, பதியனால் பெருகும் காகிதப்பூ ஆகியவை நட்ட இடத்தில் நிற்கும். நீங்கள் குறிப்பிட்ட கொய்யா அங்கே கைவிடப்பட்ட நிலங்களில் புதராகப் பெருகியிருக்கிறது; அதன் உறவான சிறுபழக் கொய்யா காட்டுக்குள்ளேயே அடர்ந்து வளர்கிறது. நாம் அன்போடு உண்ணும் நாவல்கூடத் தாகித்தியில் தீங்கான மரங்களுள் ஒன்று. ஆப்பிரிக்க டியூலிப் மரத்தின் விதைகளோ மெல்லிய சிறகுகளோடு காற்றில் பறந்து ஈரமான மலைச்சரிவுகளில் இறங்குகின்றன. அதன் ஆரஞ்சுச் சிவப்புப் பூக்களைப் பயணிகள் ஆசையோடு படமெடுக்கிறார்கள். மஞ்சள் மணிப்பூக்களைக் கொத்தாகத் தாங்கும் டெகோமாவும் அப்படியே. சீமைக் கருவேலத்தைக் கண்ட நம் கரிசல் மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகள் குடும்பம் நியூசிலாந்தில் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் எல்லோரும் தாகித்தி செல்ல இருக்கிறோம். செடிகளைக் கவனிக்க எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம்?
– வாசகி, சென்னை

பதில்: முதலில் பப்பேயாரியில் ஹாரிசன் ஸ்மித்தின் பெயரையே தாங்கியிருக்கும் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். பெரிய மரங்களுக்கிடையே அமைதியாக நடந்து, எது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்துவைத்துக்கொண்டால், பிறகு தீவில் எங்கே சென்றாலும் அதே முகங்களை அடையாளம் காணலாம். அடுத்து, ஒரு நல்ல வழிகாட்டியோடு மாராவு மலைக்குச் செல்லும் பாதையில் ஏறுங்கள். அதன் உச்சி 1,493 மீட்டர். கீழே சாலையோரப் பூஞ்செடிகளில் தொடங்கி, கொய்யாவையும் டியூலிப் மரத்தையும் மிக்கோனியாவையும் கடந்து, மேலே மேகம் தவழும் பகுதியை எட்டும்போதுதான் மரப்பெரணிகளும், நாவல் குடும்பத்தைச் சேர்ந்த செந்நிறப் பூமரமும், தாகித்திக்கே உரிய ஃபூசியாவும் கண்ணில் படும். உயரம் ஏற ஏற எந்தச் செடி நின்றுவிடுகிறது, எது புதிதாகத் தோன்றுகிறது என்று மகளின் பிள்ளைகளை எழுதிவரச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்தைவிடவும் அந்தப் பட்டியல் அவர்களுக்கு நன்றாக விளங்கவைக்கும்.

ஒவ்வொரு செடியிலும் பூவை மட்டும் படமெடுக்காமல், இலையின் அடிப்புறம், காய், மரத்தடியில் முளைத்திருக்கும் நாற்றுகள் ஆகியவற்றையும் எடுங்கள். தாய்மரத்தடியில் நாற்றுகள் அடர்ந்து, சற்றுத் தொலைவிலும் சிதறிக் கிடந்தால், அது தானே பரவுகிறது என்று பொருள். கனியைக் கொத்தும் பறவை எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்களில் இடம், நாள் குறிப்புகளோடு படங்களைச் சேர்த்தால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும்; அரிய செடியாக இருந்தால் சரியான இடத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.

மலையிலிருந்து இறங்கியதும், வேறு தீவுக்குப் படகேறும் முன்பும், காலணியின் அடிப்பகுதியைத் தூரிகையால் தேய்த்து மண்ணை முழுவதும் அகற்றுங்கள். கால்சட்டை மடிப்பையும் பையின் அடியையும் உதறுங்கள். விதை, பதியன், மண்ணோடு கூடிய செடி எதையும் ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கோ நியூசிலாந்துக்கோ கொண்டுசெல்லாதீர்கள். நியூசிலாந்து விமான நிலையத்தில் தாவரப் பொருட்களை மறைக்காமல் அறிவிக்க வேண்டும், தவறினால் அபராதம் உண்டு. முறையாகப் பதப்படுத்தி உறையிட்ட வனிலாக் காய்களைச் சந்தையில் வாங்கலாம். நியூசிலாந்தில் இறங்கும்போது அவற்றையும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.